வண்டியும் ஓர் அமானிதம்

சென்ற ரமலானில் தம்மாமிலிருந்து உம்ராவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். எங்கள் மூத்த மகள் வண்டியின் இஸ்திமாராவை எடுத்து, அதிலிருந்த சேஸிஸ் எண்ணைச் சவூதி வணிக அமைச்சகத்தின் ரீகால் பக்கத்தில் இட்டுப் பார்த்தாள்.

"வாப்பா, நம்ம வண்டிக்கு ஒரு ரீகால் இருக்கு. இன்னும் சரிசெய்யலைன்னு காட்டுது."

நான்காண்டுகளுக்கு முன்பு, ஃபைனல் எக்ஸிட்டில் ஊர் திரும்பிய ஒரு சகோதரரிடமிருந்து வாங்கிய ஏழு இருக்கை வண்டி அது. அதன் எரிபொருள் பம்பில் குறை இருப்பதாகவும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடக்கூடும் என்றும், கட்டணமின்றி மாற்றித் தரப்படும் என்றும் அறிவிப்பு கூறியது. எங்களுக்கு முன்னால் இருந்ததோ 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுஞ்சாலை. பெட்டிகள் ஏற்றியாயிற்று, பிள்ளைகளும் அமர்ந்தாயிற்று. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பயணத் துஆவை ஓதினோம், புறப்பட்டோம்.

நலமாகவே சென்று நலமாகவே திரும்பினோம். அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அத்தோடு அந்த அறிவிப்பையும் மறந்தோம். மறந்தோம் என்பதுகூடச் சரியன்று. ஒன்றும் நேரவில்லை என்பதையே, ஒன்றும் நேராது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

ஹஜ் பெருநாளுக்குப் பின் வண்டியை விற்க முற்பட்டபோதுதான் அது மீண்டும் எங்கள் முன் வந்து நின்றது. வாங்க வந்தவர் இளைஞர். மனைவியையும் இரு குழந்தைகளையும் அண்மையில்தான் அழைத்து வந்திருந்தார். விலை படிந்த பின், "வண்டியில வேற ஏதும் குறை இருக்கா பாய்?" என்று கேட்டார். பின்கதவிலுள்ள கீறலைச் சொன்னோம். கடைசி வரிசைக்கு ஏசி சரியாக எட்டாததைச் சொன்னோம். பம்பைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. மறுநாள் பணத்தோடு வருவதாகக் கூறிச் சென்றார்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. ரீகால்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். எங்களுடையது வேறு நிறுவனத்தின் வண்டி. ஆயினும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் வரலாறு எங்களைப் பிடித்து நிறுத்தியது. 1990-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, குடும்பங்களின் விருப்ப வாகனமாகிய வண்டி அது. அதில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, வெப்பத்திலும் வேகத்திலும் மேற்பட்டை பிரிந்து கழன்றன, வண்டிகள் கவிழ்ந்தன. 1999-ஆம் ஆண்டே, நாம் வாழும் இந்தச் சவூதி அரேபியாவிலும் பிற வளைகுடா நாடுகளிலும் ஃபோர்டு அந்த டயர்களை மாற்றித் தரத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலோ 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த டயர்களோடு தொடர்புடைய மரணங்கள் 271 என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. டயரே குற்றம் என்றது ஒரு நிறுவனம். வண்டியின் வடிவமைப்பும், குறைவாகப் பரிந்துரைத்த காற்றழுத்தமுமே குற்றம் என்றது மற்றொன்று. அதே ஆண்டு நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. பிற நாடுகளில் செய்யும் ரீகால்களையும் அமெரிக்க அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. இன்று புதிய வண்டிகளில் டயரில் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கை அந்நாட்டில் கட்டாயமாக்கியதும் அச்சட்டமே.

அதன் பின்னும் அந்த வண்டி குறையற்றதாகிவிடவில்லை. 2019-இலும் 2021-இலும் பின்சக்கரங்களைத் தாங்கும் இணைப்புத் தண்டு முறியக்கூடும் என்று அழைப்பு வந்தது. 2022-இல் பின் அச்சின் போல்ட்டுக்காக இரண்டரை இலட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. 2024-இல் முன்கண்ணாடியோரத்துப் பட்டை கழன்று பறக்கக்கூடும் என்று சுமார் 19 இலட்சம் வண்டிகள். இதைப் படித்தபோது, ரீகால் வருவது வண்டிக்கு இழுக்கு என்ற எங்கள் எண்ணம் மாறியது. மனிதன் செய்த பொருளில் குறை இருக்கவே செய்யும். அறிந்தவர் அதை எப்போது, யாரிடம் சொன்னார் என்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன.

"அந்தக் கம்பெனிகளைக் குறை சொல்கிறோம். நாளைக் காலை நாம் செய்யப்போவது என்ன?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். மற்றவரிடம் மறுமொழி இல்லை.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்வை எத்தனை ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்போம்! அந்த வணிகர் எங்கோ மதீனத்துக் கடைவீதியில் இருந்தவர் என்றே எண்ணியிருந்தோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆயினும் அன்று கட்டாத ஒட்டகத்தின்மீது அவர்களை ஏற்றி, அதற்குத் தவக்குல் என்று பெயரும் வைத்தோம்.

ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் அந்த இளைஞரை அழைத்துச் சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமே பாய்" என்றார். உண்மைதான் என்றோம். பம்பு வர மூன்று வாரம் ஆகும் என்று சேவை மையத்தில் கூறினர். அவருக்கோ பள்ளி திறக்குமுன் வண்டி வேண்டும். வேறொன்றைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர், "அந்த நம்பரை எங்க போட்டுப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னோம். வாங்கும் முன் பார்த்துவிட்டே வாங்கியதாகப் பிறகு தெரிவித்தார்.

எங்கள் வண்டி ஒரே முற்பகலில் சரியாயிற்று. ஒரு ரியால்கூடச் செலவில்லை. பின்னர் 2,000 ரியால் குறைவாக வேறொருவருக்கு விற்றோம். பழுது நீக்கிய தாளை இஸ்திமாராவோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தபோது, நான்காண்டுகளுக்கு முன் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தாள் அது என்று தோன்றியது. எங்களுக்கு விற்றவர்மீது கோபம் கொள்ள இயலவில்லை. அவருடைய இடத்தில் நாங்களும் ஓரிரவு நின்றுவிட்டோமே!

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் வண்டியின் 17 இலக்க எண் இஸ்திமாராவிலும், ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியின் அடியிலும் இருக்கிறது. பழைய வண்டியெனில் அறிவிப்பு முன்னவரின் கைபேசிக்கே போயிருக்கும்; ஆகவே நீங்களே தேடிப் பாருங்கள். நெடும்பயணத்துக்கு முன் பாருங்கள். விற்பதாயின், வாங்குபவர் கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களை அலட்சியத்தால் இழந்துவிடாமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.