பலெர்மோவில் அவிழ்ந்த சடை

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் அவர் ஒரே ஒரு சுருளைப் பிடித்து அந்தப் பெண்ணின் மூக்கு நுனிவரை இழுத்துக் காட்டினார். விட்டதும் அது துள்ளிப் புருவத்துக்கு மேலே போய் நின்றது. கல்லூரி மாணவி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மூக்குவரை கேட்டால் புருவம்வரை கிடைக்கும். புருவம்வரை கேட்டால் நெற்றி முழுக்க வெளியே தெரியும்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இதைச் சொல்லாமல் வெட்டினா அழுதுகொண்டு போவினம், அக்கா."

பலெர்மோவின் மக்கேதா வீதியிலிருந்து பல்லரோ சந்தைப் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் இருக்கிறது அவருடைய முடிதிருத்தும் கடை. மூன்று நாற்காலிகள். சுவரில் நகரின் காவல் புனிதை ரோசலியாவின் சிறு படம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். இத்தாலியில் முடிதிருத்தும் கடைகளுக்கு வழக்கமான விடுமுறை திங்கள். நம்மூர் சலூன்கள் சாத்தியிருக்கும் செவ்வாயில்தான் இவர்களுக்கு வாரம் பிறக்கிறது.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் இங்கே வந்தவர். 1980களிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களில் பலரைப் போல அவருடைய அம்மாவும் வீட்டுவேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தார். மகள் முறையாகப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார். இத்தாலியில் கத்தரிக்கோல் இருந்தால் மட்டும் கடை வைத்துவிட முடியாது. 2005ஆம் ஆண்டின் 174ஆம் எண் சட்டம் ஆண்களுக்கான நாவிதர், பெண்களுக்கான அலங்காரக்காரர் என்ற இரண்டு தொழில்களையும் ஒன்றாக்கி, பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று வைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் ரோசலியாவுக்குப் பக்கத்திலேயே சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் சாதியின் பெயரால் எவ்வளவு இழிவுபடுத்தப்பட்டார்கள் என்பதை நினைத்தபடி அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தேன்.

அவர் இயல்பாகத் "தலைமயிர்" என்கிறார். தமிழ்நாட்டில் வசைச்சொல்லாகிவிட்ட "மயிர்" என்ற நல்ல சொல் யாழ்ப்பாணத்தில் இன்னும் மானத்தோடு வாழ்கிறது. இத்தாலியர் சுருளை "ரிச்சோ" என்பார்கள். முள்ளெலிக்கும் அதே பெயர்தான். சிசிலிக்காரர்கள் பாஸ்தாவில் போட்டுச் சாப்பிடும், உடம்பெல்லாம் முள் நிறைந்த கடலுயிருக்கும் அதுவே. தொட்டால் சிலிர்த்துக்கொள்பவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கிறது.

மாணவியின் முடியை அவர் உலர்ந்த நிலையிலேயே வெட்டினார். நனைந்த சுருட்டை முடி நீண்டு தொங்கிப் பொய்யளவு காட்டும், காய்ந்ததும் சுருங்கும். அதுவும் எல்லாச் சுருளும் ஒரே அளவு சுருங்குவதில்லை. காதோரத்தில் தளர்ந்திருக்கும், உச்சியில் இறுகியிருக்கும், முன்நெற்றியில் தன் இஷ்டத்துக்குச் சுழித்திருக்கும். அதனால் சீப்பில் வாரி நேர்க்கோட்டில் நறுக்குகிற வேலையே இல்லை. ஒவ்வொரு சுருளாக எடுத்து, அது எங்கே திரும்புகிறது என்று பார்த்து, அந்தத் திருப்பத்தில் நுனியை மட்டும் எடுத்தார். இப்படி நாற்பது நிமிடம்.

அவளுக்கு ஏறு நெற்றி. நடு வகிடு அதை இன்னும் ஏற்றிக் காட்டும். வகிட்டை ஒரு பக்கமாகத் தள்ளினார். உச்சியில் முடி குவிந்து எழும்பினாலும் முகம் நீளும், ஆகவே அங்கே கனத்தைக் குறைத்துக் கன்னத்து எலும்பின் பக்கம் சுருள்கள் விரியும்படி விட்டார். நான்கைந்து சுருள்கள் மட்டும் நெற்றியில் விழுந்தன, இடைவெளிகளில் நெற்றி தெரிந்தது. "மூடுறதுக்கு இல்லை அக்கா. பார்க்கிற ஆளின்ட கண் நெற்றியிலயே நிக்காமல் கீழ இறங்கி வரவேணும், அவ்வளவுதான்."

வகிட்டிலிருந்து இறங்கும் நெற்றிச்சுட்டி நம் மணப்பெண்களுக்கு இதே வேலையைப் பொன்னால் செய்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்நெற்றியில் புரளும் சுருளுக்கு அளகம் என்று தனிப்பெயரே நம்மிடம் உண்டு. அந்தச் சொல்லை நிகண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

வெட்டிய பிறகுதான் தலை நனைந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் களிம்பைத் தடவி, அகன்ற பற்களுள்ள சீப்பால் ஒரே ஒருமுறை வாரி, சுருள்களை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கினார். டிரையரின் வாயில் டிஃப்யூசர் என்ற துளைகள் நிறைந்த கிண்ணத்தை மாட்டி, மெல்லிய சூட்டில் காயவைத்தார். முடியின் புரத இழைகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நனையும்போது அவிழ்கின்றன, காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி இறுகுகின்றன. அதனால்தான் காயும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அன்றைக்குக் களிம்பின் அளவே வேறு.

மதிய இடைவேளையில் என்னை வெளியே அனுப்பினார். "அபத்தெல்லிஸ் மாளிகைக்குப் போய் எலியனோராவைப் பாத்திட்டு வாங்கோ. பிறகு உங்கட தலையைப் பாப்பம்."

கால்ஸா பகுதியில், கார்லோ ஸ்கார்பா 1953-54இல் சீரமைத்த அருங்காட்சியகம் அது. 15ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஃபிரான்செஸ்கோ லௌரானா வெண்பளிங்கில் வடித்த அரகோன் எலியனோராவின் மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது. இமைகள் தாழ்ந்திருக்கின்றன. முடி முழுவதும் இறுகிய தலைத்துணிக்குள் போய்விட்டது. மிச்சமிருப்பது நெற்றி. வழுவழுவென்று உயர்ந்து, ஒளி வந்து உட்காரும் நெற்றி. அந்தக் காலத்து ஐரோப்பிய அரண்மனைப் பெண்கள் நெற்றி உயரமாகத் தெரிய வேண்டும் என்று முன்வரிசை முடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதின்மூன்று வயதில் எந்த நெற்றிக்காக நான் அழுதேனோ, அதைப் பெறுவதற்காக அவர்கள் வலி பொறுத்திருக்கிறார்கள். அந்தச் சிலையின் முன் எனக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சடையை அவிழ்த்தவர் நெற்றிப்பொட்டின் இரு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் உங்களுக்கு இப்பிடி இறுக்கிப் பின்னினது?"

"அம்மா. பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடி பறந்தால் அடிப்பார்கள். எண்ணெய் வைத்து, இழுத்து, இரட்டைச் சடை."

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான். எங்க பறந்துபோயிடும் எண்டு பயம்."

தினமும் இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடியின் வேர்கள் தளர்ந்து வரம்பு மெல்லப் பின்வாங்கும். 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சீக்கிரம் கண்டு இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்பி வரும். நெடுங்காலம் விட்டுவிட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு வராது. பிறவியிலேயே எனக்கு நெற்றி கொஞ்சம் உயரம்தான். ஆனால் குறை என்று நான் சுமந்ததில் ஒரு விரற்கடை எங்கள் வீட்டுச் சீப்பும் பள்ளிக்கூடத்துப் பிரம்பும் சேர்ந்து செய்தது என்பதை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து தெரிந்துகொண்டேன். அம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. ஒழுக்கம் என்றால் படிந்த முடி என்று கற்பித்தவர்கள் மேல் இருக்கிறது. இன்றும் எத்தனையோ பள்ளிகளில் சுருட்டை முடிப் பிள்ளைகள் அந்த ஒழுக்கத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அவர் வெட்டத் தொடங்கினார். வெட்டிக்கொண்டே ரோசலியாவின் கதையைச் சொன்னார். கல்யாணம் வேண்டாம் என்று தன் பொன்னிறச் சடையைத் தானே அறுத்துக்கொண்டு குகைக்குப் போன பெண் என்பது இந்த ஊர் மரபு. 1624 கொள்ளைநோயின்போது பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவளுடைய எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்தபின் நோய் அடங்கியது என்று நம்புகிறார்கள். இங்குள்ள தமிழர்களில் சைவர்களும் கிறிஸ்தவர்களுமாகப் பலர் அந்த மலைக்கு ஏறிப் போகிறார்கள். இவரும் போவார், வெறுங்காலோடு. "எங்கட ஊர்க் கோயிலுக்குப் போற மாதிரித்தான் இருக்கும்" என்றார்.

டிரையர் நின்றது. இரண்டு சுருள்கள் என் நெற்றியில் இறங்கியிருந்தன. அவர் கண்ணாடியைக் காட்டாமல், இடது நெற்றிப்பொட்டின் அருகே குனிந்து எதையோ கூர்ந்து பார்த்தார். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அங்கே வைத்தார். பூனைமுடி போல, நகத்தளவு நீளத்தில், நாலைந்து.

"புதுசு. வேர் இருக்கு அக்கா. இதை மட்டும் இழுத்துக் கட்டிப்போடாதேங்கோ."