கொட்டகை கழுவ ஒரு தொட்டி: நாமக்கல் காட்டும் வழி

நாமக்கல் ஊரின் நடுவே ஒரே பாறையாக மலைக்கோட்டை நிற்கிறது. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் சாலையோரம் நீளநீளமான கோழிக் கொட்டகைகள். தெற்கே மோகனூர்ப் பக்கம் காவிரி ஓடுகிறது; அங்கே வாழையும் வெற்றிலையும் செழிக்கும். ஆற்றை விட்டு விலகிய மேட்டு நிலத்தில் நிலைமை வேறு. கிணறும் போர்வெல்லும்தான் துணை. கோடையில் பல போர்வெல்கள் விட்டு விட்டுத்தான் தண்ணீர் தரும்.

முட்டைக்கோழிகளை 72 முதல் 80 வாரம் வரை, சில பண்ணைகளில் அதற்கு மேலும் வைத்திருந்து கழிப்பார்கள். அடுத்த தொகுதி வருவதற்குள் எருவை வாரி, கூண்டையும் தரையையும் கழுவி, காயவிட்டு, கிருமிநாசினி தெளித்தாக வேண்டும். கூண்டில் பழைய எச்சம் ஒட்டியிருந்தால் பழைய நோய் புதுக் கோழிக்கு வரும். ஆகவே பிரஷர் வாஷர் இங்கே அவசியக் கருவி.

"பம்பு புதுசு. பத்து நிமிஷம் நல்லா அடிச்சது. அப்புறம் கடகடன்னு சத்தம், வேகமே இல்லை" என்பது வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை. பெரும்பாலும் பழுது பம்பில் இல்லை; அதற்குப் போதிய தண்ணீர் வந்து சேரவில்லை. இந்தப் பம்பு தண்ணீரைத் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் அப்படியல்ல. வரத்து குறைந்தால் உள்ளே காற்றும் ஆவிக் குமிழும் சேர்ந்து வால்வையும் சீலையும் அரித்துவிடும்.

கணக்கு எளிது. பம்பு நிமிடத்துக்கு 15 லிட்டர் கேட்கிறது, போர்வெல் 8 லிட்டர்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நேராக இணைத்தால் வேலை நடக்காது. நடுவே 1,000 லிட்டர் தொட்டி வைத்து முதலில் நிரப்பிக்கொண்டால், நிமிடத்துக்குக் குறையும் 7 லிட்டரைத் தொட்டி ஈடு செய்யும். 2 மணி நேரம் தடையின்றிக் கழுவலாம். அடுத்த 2 மணி நேரத்தில் தொட்டி மறுபடி நிரம்பிவிடும். புது போர்வெல் போடும் செலவு மிச்சம்.

தொட்டியின் அடிமட்டம் பம்பைவிட 2, 3 அடி உயரத்தில் இருக்கட்டும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைப்பது ஆபத்து, கான்கிரீட் மேடை வேண்டும். இந்த உயரத்தால் கிடைக்கும் அழுத்தம் மிகக் குறைவு. எனவே குழாய் அகலமாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒரு அங்குலக் குழாய், முழுதாகத் திறக்கும் பால் வால்வு, பம்புக்கு முன் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி ஆகியவை போதும். வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து 3, 4 அங்குலம் மேலே வைத்தால் வண்டல் வராது. கறுப்புத் தொட்டிக்கு மூடி போட்டால் பாசி பிடிக்காது.

பம்பை மாட்டுமுன் ஒரு சோதனை. குழாய் முனையில் 15 லிட்டர் வாளியை வைத்துத் திறக்க வேண்டும். 40 விநாடிக்குள் நிரம்பினால் மேற்சொன்ன பம்புக்குத் தாராளம். ஒரு நிமிடத்துக்கு மேலானால் அடைப்பையோ குறுகலையோ தேட வேண்டும். தொட்டி பாதிக்குக் கீழே இருக்கும்போதும் இதைச் செய்து பார்ப்பது நல்லது. போர்வெல் மோட்டாருக்குத் தண்ணீரின்றி ஓடினால் தானே நிற்கும் கருவி இருந்தால் அதுவும் கருகாது.

ஈரத்தரையில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். பீச்சும் நீர் தோலைத் துளைக்கும். ஆள் மீதோ மாட்டின் மீதோ திருப்பக்கூடாது. எச்சத்தை வாரிக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் தெளிக்க வேண்டும். எருவின் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகாமல் தனிக் குழிக்குப் போகட்டும்.

நாலு மாடு வைத்திருப்பவருக்கும் இதே முறைதான். பம்பு சிறிதானால் 500 லிட்டர் தொட்டியே போதும். பம்பின் விலையை விசாரிக்குமுன், அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கேட்கும், தன் கிணறு எத்தனை லிட்டர் தரும் என்று அளந்துகொள்பவர் பணம் வீணாகாது.