பெருக்கக் கூடாத எண்

சென்ற பருவத் தேர்வில் மின்வேதியியல் கணக்கு ஒன்றில் மதிப்பெண் முழுவதையும் இழந்தேன். அலுமினியமும் வெள்ளியும் சேர்ந்த மின்கலம். வெள்ளியின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66. சமன்பாட்டில் மூன்று வெள்ளி அயனிகள் இருந்தபடியால் 0.80-ஐ மூன்றால் பெருக்கி, 4.06 என்று விடை எழுதினேன். சரியான விடை 2.46. "மின்னழுத்தம் பொருளின் அளவைப் பொறுத்ததன்று" என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். படித்தேன், விளங்கவில்லை.

விளங்கவைத்தது நம் அரசலாற்றங்கரைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், அப்பா பங்கு வைத்திருக்கும் விசைப்படகைக் கரையேற்றியிருந்தார்கள். வெண்கல விசிறி பழுதின்றி இருந்தது. அதன் அருகே சுக்கானின் இரும்பு போல்ட்டுகளோ கறையான் அரித்த மரம் போலிருந்தன.

"போன வருஷம் கையில காசு இல்ல தம்பி, ஜிங்க் கட்டி சின்னதாத்தான் போட்டோம். ஆனாலும் போட்டோமே, ஏன் காப்பாத்தல?" என்றார் அப்பா.

வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. அட்டவணையில் செம்பு +0.34, இரும்பு −0.44, துத்தநாகம் −0.76. கடல்நீரில் இந்த எண்கள் மாறும்; வரிசை மாறாது. மூன்றும் இணைந்திருந்தால் துத்தநாகமே முதலில் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரையும், மற்றவை பிழைக்கும். ஆங்கிலேயக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க 1824-இல் ஹம்ப்ரி டேவி சொன்ன வழியும் இதுவே.

அட்டவணைப்படி இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள வேறுபாடு 0.32 வோல்ட். கட்டி சிறிதானாலும் பெரிதானாலும் அது 0.32தான். பெருகுவது மின்னூட்டம். 65.4 கிராம் துத்தநாகம் தருவது 2 × 96,500 கூலூம். அப்படியானால் ஒரு கிலோ கட்டி ஏறத்தாழ 820 ஆம்பியர்-மணி தரும். அரைக் கிலோ அதில் பாதியே தரும். சின்னக் கட்டியும் உள்ளவரை காத்துத்தான் இருக்கிறது. அது தீர்ந்த பின் இரும்பின் முறை வந்துவிட்டது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது ஒழுங்காத்தான் உழைச்சிருக்கு. நாமதான் அரை வயித்துக்குச் சோறு போட்டிருக்கோம்" என்றார்.

இவ்வாண்டு கடன் வாங்கியாவது முழு எடைக் கட்டி போட்டோம். அன்றிரவு அந்தப் பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். எலக்ட்ரான் எண்ணிக்கையால் மின்னூட்டத்தைப் பெருக்கினேன், ஆற்றலைப் பெருக்கினேன், வோல்ட்டைத் தொடவில்லை. விடை 2.46 வந்தது.

நண்பர்களே, பேராசிரியர் எழுதிய அந்த ஒற்றை வரி எனக்கு விளங்க, எங்களுக்குச் சில போல்ட்டுகள் செலவாயின. உங்களுக்கு இந்தப் பக்கமே போதுமானால் மகிழ்வேன்.