அலமாரியில் ஓர் அணுக்கடிகாரம்

நம்மிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர், மஸ்கட்டுக்குப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட நாளில், கைக்கடக்கமான உலோகப் பெட்டி ஒன்றை நம்மிடம் ஒப்படைத்தார். “ஹஜ்ரத், நான் திரும்பி வரும்வரை இதை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். விளக்கை அணையாமல் காப்பது அறிவோம். பெட்டியை அணையாமல் காப்பது எங்ஙனம் என்று வினவினோம். அவர் விளக்கிய பிறகே, அதனுள்ளும் ஒரு விளக்கு எரிகிறது என்பது நமக்கு விளங்கிற்று.

எஃப்ராட்டம் நிறுவனத்தார் செய்த எல்.பி.ஆர்.ஓ-101 என்னும் ருபீடியம் அணுக்கடிகாரம் அது. செல்பேசிக் கோபுரங்களின் பழைய கருவிகளைக் கழித்தபோது உருவி விற்கப்பட்டவற்றுள் ஒன்று. மாணவர் வானொலிப் பித்தர். தம் கருவியின் அலைவரிசையைச் சரிபார்க்கச் சென்னை ரிச்சி தெருவில் அதை வாங்கியிருந்தார். கடிகாரம் என்ற பெயரேயன்றி அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. விநாடிக்கு ஒரு கோடி அசைவுகளை ஒரு கம்பி வழியே விட்டுக்கொண்டிருப்பதே அதன் தொழில். எண்ணிக்கொள்வது நம் பாடு.

உள்ளே ருபீடியம் ஆவி நிறைந்த சிறு விளக்கொன்று உண்டு. அதன் ஒளி, அதே ஆவி அடைத்த கண்ணாடிக் கலம் ஒன்றினூடே செல்லும். விநாடிக்கு 683 கோடிக்குச் சற்று மிகுந்த ஒரு குறிப்பிட்ட அதிர்வில் நுண்ணலையைக் கலத்திற் செலுத்தினால், வெளிவரும் ஒளி இம்மியளவு மங்கும். அந்த மங்கலை நழுவவிடாமல் பற்றிக்கொண்டு மின்சுற்று தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் ஆவி வேண்டுமாயின் சூடு வேண்டும். விளக்கு நூறு பாகைக்கும் மேலே காய்ந்தாக வேண்டும். தன்னைத் தானே சுட்டுக்கொண்டு, ‘என் முதுகைக் குளிரவை’ என்று கேட்கும் விசித்திரப் பொருள்!

மின்சாரத்தைப் பற்றி எம் வீட்டார்தாம் முதலில் ஆட்சேபம் எழுப்பினார். கணக்கிட்டுக் காட்டினோம். அதற்கு வேண்டியது 24 வோல்ட். தொடக்கத்தில் 1.7 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே சூடேறியதும் அரை ஆம்பியர் அளவில் அடங்கிவிடும். பன்னிரண்டு வாட் என்று கொண்டால், இராப் பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்திற்கு 18 யூனிட்டுக்குள்தான். அரசினர் இலவசமாக விடும் நூறு யூனிட்டில் ஐந்திலொரு பங்குகூட இல்லை.

எருமப்பட்டியில் மின்சாரம் போய் வருவது புதிதன்று. ஆகவே மாணவர் 12 வோல்ட் மின்கலம் இரண்டைத் தொடராக இணைத்து வைத்திருந்தார். மின்னூட்டம் நடக்கும்போது அவை 27 வோல்ட்டைத் தொடும். பெட்டியோ 19 முதல் 32 வரை தாங்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டதும் 1206ஆம் ஆண்டில் தம் பொறிநூலை முடித்த அல்ஜஸரீயின் நினைவு வந்தது. நீர்க்கடிகாரத்தில் நீர்மட்டம் தாழ்ந்தால் ஒழுக்கின் வேகம் குறையும். எனவே மிதவையொன்றைக் கொண்டு மட்டம் மாறாமற் காத்தார் அவர். மேலிருந்து எவ்வளவு வந்தாலும் கீழே ஒரே அளவாகச் செல்லவேண்டும் என்ற கவலை எண்ணூறு ஆண்டுகளாக மாறவில்லை.

சூட்டு விஷயத்தில்தான் நாம் தவறினோம். பெட்டியின் அடித்தட்டில் இறங்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலிருந்து அகலமான அலுமினியத் தகடொன்றை வாங்கித் திருகியிருந்தார் மாணவர். திறந்த இடத்தில் வைக்கும்படியும் சொல்லியிருந்தார். நாமோ, புழுதி படியுமே, பேரப்பிள்ளைகள் கை வைப்பார்களே என்றஞ்சிக் கிதாபுகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மார்கழி, தை, மாசி குறைவின்றிக் கழிந்தன. பங்குனியின் கடைசியில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், பற்று நிலைத்திருப்பதைக் காட்ட அவர் இணைத்திருந்த பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. கதவைத் திறந்தோம். தகட்டில் கை வைக்க இயலவில்லை. பக்கத்திலிருந்த நஹ்வு நூலின் அட்டைப் பசை இளகி நாறிற்று.

பதறிப்போய் மேசை விசிறியை முழுவேகத்தில் அதன்மேல் திருப்பினோம். பச்சை வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் நம் அவசரத்தைக் கண்டு உள்ளே வந்தார். “இப்படி ஊதாதீங்க ஹஜ்ரத். கொட்டகையைக் கெழக்கு மேக்கா நீட்டி ஏன் போடறோம்? வெயில் நேரா அடிக்கக் கூடாது, சூடு தானா மேல போவணும். காத்து நின்னு போச்சுன்னா கோழிக்கு அதுவே பெரிய எழவு” என்றார்.

அணுவைப் படித்தவர் அல்லர் அவர். ஆயினும் பிற்பாடு மாணவர் தொலைபேசியில் சொன்னதும் அதுவே. கடிகாரத்திற்குத் தேவை குளிர்ச்சியன்று, மாறாமை. விசிறி வீசும்போது ஒரு சூடு, நிற்கும்போது ஒரு சூடு என்றால் அதிர்வும் அதற்கேற்ப நகரும். ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் நகர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அதாவது 317 ஆண்டுக்கு ஒரு விநாடி, அதைக்கூடப் பொறுக்காதவர் கையில்தானே இக்கருவி இருக்கிறது! டமாஸ்கஸின் உமையாப் பள்ளியில் பதினான்காம் நூற்றாண்டில் வக்து கணித்த இப்னு ஷாதிர் அமைத்த சூரியக் கடிகாரத்திற்கு மின்கலமும் வேண்டா, தகடும் வேண்டா. இரவில் வேலை செய்யாது என்பது வேறு.

பண்ணைக்காரர் சொன்னபடியே தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் திறந்த மரக்கூடு ஒன்று செய்து, வெயில் படாத உட்சுவரோரம் வைத்தோம். விசிறி இல்லை. கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது. மேலே சூடு தானே ஏறிப் போகிறது. சித்திரை நண்பகலிலும் தகடு ஐம்பது பாகையைத் தாண்டவில்லை.

ஆனால் சேதம் சேதந்தான். முன்பு மின்சாரம் கொடுத்த ஐந்து நிமிடத்திற்குள் பச்சை எரியும். இப்பொழுது இருபது நிமிடம் பிடிக்கிறது. இத்தகைய கடிகாரங்கள் வல்லுநர் கையிலும் பழுதாவதுண்டு. 2013 ஜூலையில் நம் நாட்டார் ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ துணைக்கோளில் இருந்த ருபீடியம் கடிகாரங்கள் மூன்றும் 2016இல் செயலிழந்தன. அவை வெளிநாட்டில் வாங்கியவை. நம்மவர் தாமே செய்த ருபீடியம் கடிகாரம் 2023 மே 29 அன்று என்.வி.எஸ்-01இல் ஏறிச் சென்றது. இதையெல்லாம் மாணவரிடம் எடுத்துச் சொல்லி நம் தவற்றை மெல்ல மூடிவிடலாமா என்றுகூட ஓர் இரவு எண்ணினோம். அமானிதமாக வாங்கிய பொருளைப் பற்றி அப்படி எண்ணியது வெட்கமாக இருந்தது.

மறுநாள் தொலைபேசியில் ஒன்றும் மறைக்காமல் சொன்னோம். அலமாரியையும் சொன்னோம், விசிறியையும் சொன்னோம். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.

“இப்போது தகட்டில் கை வைக்க முடிகிறதா, ஹஜ்ரத்?” என்றார்.

எழுந்துபோய் வைத்துப் பார்த்தோம். முடிகிறது என்றோம்.

“அப்படியானால் அணைக்க வேண்டாம்.”