ரேர்போக் காருக்கு எஞ்சின் பிளஷ் தேவையோ?

எங்கடை ரெஸ்ரோரண்டில வேலை செய்யிற தம்பி ஒருத்தன் போன மாதம் பழைய ரேர்போக் கார் ஒண்டு வாங்கினான். பெற்றோல் கார், 160,000 கிலோமீற்றர் ஓடினது. சேர்விசுக்குக் கொண்டுபோன கராஜிலை, "எஞ்சின் பிளஷ் அடிச்சால் உள்ளுக்கை எல்லாம் சுத்தமாகும், 40 யூரோதான் கூட" எண்டு சொல்லியிருக்கினம். "அண்ணை, அடிக்கட்டோ?" எண்டு கேட்டான். முதலும் ரெண்டு மூண்டு பேர் இதையே கேட்டவை. அதால விளக்கமாக எழுதி வைக்கிறன்.

பிளஷ் எண்டது ஒரு சின்னப் போத்தல். பழைய ஒயிலை வடிக்க முதல் அதுக்குள்ளை ஊத்தி, எஞ்சினை 10, 15 நிமிசம் நிண்டபடி ஓடவிட்டு, பிறகு எல்லாத்தையும் சேர்த்து வடிக்கிறது. உள்ளுக்கு இருக்கிறது பெரும்பாலும் மண்ணெண்ணெய்ச் சாதிக் கரைப்பானும் அழுக்கெடுக்கிற மருந்தும்தான். அது ஒயிலை இளக்கும், படிஞ்ச அழுக்கையும் கழட்டும். சிக்கலே அந்தக் கழண்ட அழுக்கு எங்கை போகுது எண்டதிலைதான்.

எஞ்சினாலை வெளியேறுற புகையிலை சுத்திறதுதான் ரேர்போ. நிமிசத்துக்கு 100,000 சுற்றைத் தாண்டும். பெற்றோல் காரிலை அந்தப் புகையின்ரை சூடு 900 பாகைக்கு மேலையும் போகும். பெரும்பாலான கார்களிலை அந்தத் தண்டைத் தாங்கிறது ஒரு மெல்லிய ஒயில் படலம். அந்த ஒயிலும் ஒரு ஒடுங்கின குழாயாலைதான் வருது. கொஞ்ச நேரம் ஒயில் கிடைக்காட்டில் தண்டு உராயத் தொடங்கும்.

குசினியிலை வேலை செய்தவைக்கு இது கெதியா விளங்கும். கொழுப்புப் பிடிச்ச கழிவுக் குழாய்க்குள்ளை சுடுதண்ணியும் கடும் மருந்தும் ஊத்தினால் கொழுப்பு மாயமாகாது. ஒரு கட்டி கழண்டு அடுத்த வளைவிலை போய் இறுகும். எஞ்சினிலை அந்த வளைவு, ஒயில் பம்பு உறிஞ்சிற இடத்திலை இருக்கிற சல்லடை. அது அடைச்சால் முதல் அடிபடுறதிலை ரேர்போவும் ஒண்டு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1998 தொடக்கம் 2004 வரை வந்த 1.8 லீற்றர் ரேர்போ பசாற் கார்களிலை ஒயில் தார் மாதிரி இறுகிச் சல்லடை அடைச்சு எஞ்சின் போனதாலை, அமெரிக்காவிலை பொக்ஸ்வாகன் கம்பனி அந்தப் பிரச்சினைக்கு உத்தரவாதத்தை 8 வருசமாக்க வேண்டி வந்தது. ஒயில் குறைவு, சூடு கூட, மாத்திற இடைவெளி நீளம். மூண்டும் சேர்ந்தால் தார்தான்.

பிளஷ் அடிச்சு ஒண்டும் ஆகாத கார்களும் கனக்க இருக்கு. ரேர்போவுக்கும் பாவிக்கலாம் எண்டு போத்தலிலை எழுதியும் இருக்கு. ஆனால் போத்தல் செய்தவனுக்கு உங்கடை எஞ்சினுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு தெரியாது. ஒழுங்கா ஒயில் மாத்தின எஞ்சினுக்கு பிளஷ் தேவையில்லை. மாத்தாமல் தார் பிடிச்ச எஞ்சினுக்கு அது தேவை மாதிரித் தெரியும், ஆனால் ஆபத்தும் அதுக்குத்தான். பிறகு யாருக்கு இந்த 40 யூரோ?

ஒயிலுக்குள்ளையே ரைமிங் பெல்ற் ஓடுற எஞ்சின்களும் இருக்கு. பேஜோவின்ரை 1.2 பியூர்ரெக் அப்பிடி வந்தது. ஒயிலிலை பெற்றோல் கலந்தாலே அந்த பெல்ற் ஊதி உதிரும். அதுக்குள்ளை கரைப்பானும் ஊத்த வேணுமோ?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஒயில் மூடியைத் திறந்து பார். கறுத்த கட்டி தெரிஞ்சால், அடித்தொட்டியைக் கழட்டிச் சல்லடையைத் துப்பரவாக்கிற கராஜைத் தேடு. இல்லாட்டில் கார்ப் புத்தகத்திலை போட்டிருக்கிற தரத்து ஒயிலும் நல்ல பில்ரரும் போட்டு, 3,000 கிலோமீற்றரிலை திரும்ப மாத்து. நல்ல ஒயிலிலையே அழுக்கைக் கரைக்கிற மருந்து இருக்கு. அது மெல்ல மெல்லக் கரைச்சு ஒயிலோடை வெளியாலை கொண்டுவரும். பிறகு 10,000க்கு ஒருக்கா மாத்து. புத்தகம் 30,000 எண்டு சொன்னாலும், பழைய ரேர்போவுக்கு அது சரியான நீளம். ஓட்டோபானிலை விரட்டிக்கொண்டு வந்து உடனை நிப்பாட்டாதை, ஒரு நிமிசம் ஓடவிடு.

இரவு ஒரு மணிக்கு வேலை முடியிற எங்களுக்கு பஸ்சும் இல்லை. ரேர்போ மாத்திற காசு எங்களுக்கு ஒரு மாதச் சம்பளம். அந்தக் காசை ஒரு போத்தலை நம்பி வைக்கேலாது. நேரத்துக்கு ஒயில் மாத்திறதுதான் எஞ்சினுக்குச் சரியான கழுவல்.