மீண்டும் உயர்த்தலாமா?

திருக்குறளின் பொருட்பாலில் 94ஆம் அதிகாரமாக அமைந்திருப்பது சூது. அதற்கு முன்னே கள்ளுண்ணாமை நிற்கிறது. பின்னே மருந்து வருகிறது. குடிக்கும் நோய்க்கும் இடையே சூதை வைத்த வள்ளுவரின் உள்ளக்கிடக்கையை அறியாதார் இலர். ஆயின், அதே பொருட்பாலில் 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் அமைந்துள்ளன. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அவை. ஒரு வினையில் இறங்கலாமா, ஒதுங்கலாமா என்று எண்ணிப் பார்க்கும் முறையை அவை கற்பிக்கின்றன. சூதைக் கடிந்த பேரறிஞரே எண்ணித் துணியும் கலையையும் வகுத்துத் தந்தார்.

இவ்விரண்டும் எதிரெதிரே சந்திக்கும் இடம் ஒன்று இக்காலத்தில் உண்டு. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் ஒருவர் பந்தயத்தை உயர்த்திவிட்டார். அடுத்தவர் அதனை மீண்டும் உயர்த்தலாமா என்று எண்ணி நிற்கிறார். அந்த ஒரு நொடியை ஆராய்ந்தால், சூதாடுவோர்க்கன்றிச் சூதாடாதோர்க்கும் பயன்படும் பாடம் அதில் இருப்பது விளங்கும்.

லிமிட் ஹோல்டெம் என்பது போக்கரில் ஒரு வகை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் ஐந்து சீட்டுகள் அனைவர்க்கும் பொதுவாக நடுவில் விரிக்கப்படும். பந்தயம் நான்கு சுற்றாக நடைபெறும். முதல் இரு சுற்றுகளில் ஒரு குறிப்பிட்ட தொகையும், பின் இரு சுற்றுகளில் அதன் இருமடங்குமே வைக்க இயலும். ஒரு சுற்றில் ஒரு பந்தயமும், அதன்மேல் மூன்று உயர்த்தல்களுமே பொதுவாக அனுமதிக்கப்படும். போட்டியாக நடக்கும்போது நுழைவுக் கட்டணம் செலுத்தியோர் அனைவர்க்கும் சம அளவில் பந்தய வில்லைகள் தரப்படும். வில்லைகள் தீர்ந்தவர் வெளியேறுவார். கட்டாயப் பந்தயம் நேரம் செல்லச் செல்ல ஏறும். இறுதிவரை எஞ்சும் சிலர்க்கே பரிசு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போர்க்கு இது தெளிவாகும். கட்டாயப் பந்தயமாக இருவர் 100, 200 வில்லைகள் வைத்துள்ளனர். மற்றொருவர் 400க்கு உயர்த்துகிறார். சீட்டுப் போடுபவர் இடத்தில் அமர்ந்திருப்பவர் கையில் இரண்டு பத்துகள் உள்ளன. சீட்டைக் கவிழ்த்து விலகினால் அவருக்கு இழப்பில்லை. 400 வைத்துத் தொடரலாம். 600 வைத்து மீண்டும் உயர்த்தலாம். கூடுதலாக வைக்கும் அந்த 200 எதனைப் பெற்றுத் தரும் என்பதே வினா.

முதலில் ஆராய வேண்டுவது மாற்றான் வலி. 52 சீட்டுகளில் இரண்டிரண்டாக 1,326 இணைகள் அமையும். இரண்டு ஏஸ் 6 வகையில் வரும். இரண்டு ராஜாவும் இரண்டு ராணியும் அவ்வாறே. ஏஸும் ராஜாவும் சேர்ந்து வருவது 16 வகை. உயர்த்தியவர் இத்தகைய சீட்டுகளுக்கன்றி வாய் திறவாத பொறுமையாளர் என்றால், அவர் கையில் இருக்கக்கூடியவை 34 இணைகள். அவற்றுள் 18 இணைகளுக்கு எதிரே பத்துகள் ஐந்தில் ஒருமுறையளவே வெல்லும். எஞ்சிய 16க்கு எதிரே சற்றே முந்தி நிற்கும். மாறாக, அவர் சிறு இணைக்கும் ஒற்றை ஏஸுக்கும் உயர்த்தும் துடுக்கர் எனில், அதே பத்துகள் முன்னணிக்கு வந்துவிடும். கையிலுள்ள சீட்டு மாறவில்லை. எதிரே இருப்பவரைப் பற்றிய அறிவே மதிப்பை மாற்றியது.

அடுத்தது இடன். சீட்டுப் போடுபவர் இடத்தில் இருப்பவர் அடுத்த மூன்று சுற்றுகளிலும் கடைசியாகவே முடிவெடுப்பார். பிறர் செய்வதைக் கண்டபின் செயலாற்றும் வாய்ப்பு அவருக்கு உண்டு. அவர் வெறுமனே 400 வைத்தால், நடுவில் 1,100 திரண்டிருக்கும். 200 வைத்தவர் இன்னும் 200 மட்டும் கொடுத்து உள்ளே நுழைவார். மீண்டும் உயர்த்தினாலோ, கட்டாயப் பந்தயம் வைத்த இருவரும் தம் 300ஐ விட்டு விலகக்கூடும். போராட்டம் இருவர்க்குள் சுருங்கும். கூடுதல் 200 வாங்குவது இதைத்தான்.

மூன்றாவது தன் வலியும் காலமும். 10,000 வில்லைகள் உடையவர்க்கு 600 ஒரு சிறு பகுதி. 1,200 மட்டுமே உடையவர்க்கு அது சரிபாதி. அதன்பின் அவர் பின்வாங்க இயலாது. அத்தகையவர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என நிற்றலாகாது. முழுதாக இறங்க வேண்டும், அன்றேல் விலக வேண்டும். இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்க்கெல்லாம் பரிசு உறுதி என்னும் கட்டத்தில் அதே பத்துகளைக் கவிழ்ப்பதும் அறிவாகும். அங்கே கூடுதலாகப் பெறும் வில்லையைவிட, இழக்கும் இறுதி வில்லையின் மதிப்பே பெரிது.

இவ்வாட்டத்தில் இருவர் மட்டும் ஆடும் வடிவத்தைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து மைக்கேல் பௌலிங் குழுவினர் கணினியால் ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்து, 2015 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். செஃபியஸ் எனப் பெயரிட்ட அந்நிரல், சீட்டுப் போடுபவர் இடத்திலிருந்து ஆடும்போது முதல் சுற்றில் அனுமதிக்கப்பட்ட இறுதி உயர்த்தலைச் செய்வது மிக அரிது. மிக வலிய இணையாகிய இரண்டு ஏஸ் கையிலிருந்தும் பதினாயிரத்தில் ஒருமுறைகூட அவ்வாறு செய்வதில்லை. இறுதி உயர்த்தல் தன் வலிமையை எதிரிக்கு அறிவித்துவிடும் எனக் கருத இடமுண்டு. நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழியைக் கணக்கும் ஒப்புகிறது. இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. பந்தயத்திற்கு எல்லை இருந்தமையால்தான் அத்தனை கிளைகளையும் எண்ணி முடிக்க இயன்றது. எல்லை உள்ள இடத்திலேயே எண்ணத்திற்கும் இடமுண்டு.

எல்லை இல்லாத ஆட்டத்திற்கு அத்தினாபுரத்து அவையே சான்று. வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்திலும், பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலும் மாணவர் அக்காட்சியைக் கற்கின்றனர். தருமன் சகுனியின் திறம் அறியாதவன் அல்லன். எனினும் செல்வம் போனபின் நாட்டையும், நாடு போனபின் தம்பியரையும், பின்னர்த் தன்னையும், இறுதியில் பாஞ்சாலியையும் பணயம் வைத்தான். அவன் செய்த ஒவ்வோர் உயர்த்தலுக்கும் காரணம் கையிலிருந்த வலிமையன்று. முன்னே நேர்ந்த இழப்பு. இழந்ததை மீட்கும் துடிப்பு எழுந்தவுடன் வலியறிதலும் காலமறிதலும் இடனறிதலும் ஒருசேர விடைபெற்றுக் கொண்டன.

எண்ணி உயர்த்தியவர்க்கு மலாக்கா மண்ணிலேயே சான்றுண்டு. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அம்மரத்தை வலியுறுத்தியபோது பலர் அவரைப் பித்தர் என்றனர். சிறு நிலத்தில் மரம் வளர்ந்ததைக் கண்டபின்பே டான் சே யான் புக்கிட் ஆசகானில் பெருநிலப் பரப்பிற்கு முயற்சியை உயர்த்தினார். ஆயினும் அவ்வாட்டத்தில் பணயமான உழைப்பு பெரும்பாலும் பிறருடையது. ரப்பர் விலை ஏறினாலும் வீழ்ந்தாலும், விடியுமுன் வாளியுடன் மரத்தடிக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் அம்முடிவைக் கேட்கப்படாதவர்.

அவருடைய கையில் இருந்த முடிவு ஒன்றே. சம்பளத்தை என் செய்வது என்பது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில், சம்பள நாள் இரவில் லயத்துத் திண்ணையில் விரித்த சாக்கின்மீது சீட்டு விழுந்ததும் உண்டு. அந்த ஆட்டத்திற்கு நுழைவுக் கட்டணம் என்னும் வரம்பும் இல்லை. மூன்று உயர்த்தல் என்னும் தடையும் இல்லை. மளிகைக் கடைக் கடனும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் அங்கே வில்லைகளாயின. சூதாட்ட இல்லங்களைத் தடுக்கும் 1953ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் உண்டு. ஆனால் இன்று சாக்கு விரிக்கவும் தேவையில்லை. கைப்பேசித் திரையே சீட்டை விரிக்கிறது.

ஆகவே, சூது தீது என்று கூறி நிறுத்துவது போதாது. கணித வகுப்பில் 34 இணைகளை எண்ணப் பழகிய மாணவன், தமிழ் வகுப்பில் வலியறிதலைப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் காணட்டும். உயர்த்தத் துணியுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே: எதிரே இருப்பவர் யார்? தோற்றால் எஞ்சுவது என்ன? பணயம் வைக்கப்படுவது தன்னுடையதா, பிறருடையதா? எல்லாவற்றிற்கும் மேலாக, உயர்த்தச் சொல்வது கையிலுள்ள வலிமையா, முன்னர் இழந்ததன் வலியா? கடைசி வினாவிற்கு இழந்ததன் வலி என்று விடை வருமாயின், இரண்டு ஏஸ் கையில் இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்து எழுந்து வீடு செல்வதே தக்கது. அவ்வாறு எழுந்து வரும் தந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.