அக்காவின் மாத்திரை

இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சைக்குச் சென்றபோது அக்காவின் எடை 118 கிலோ. முட்டையளவுப் பையை மட்டும் இரைப்பையாக விட்டு, சிறுகுடலின் முற்பகுதியைத் தவிர்த்துப் பாதையை மாற்றித் தைத்தார்கள். எடை குறையக் குறையத் தம்பிகள் நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். அவளோ பேச்சற்றுப் போனாள். மனச்சோர்வுக்குப் பல்லாண்டுகளாக உண்டுவரும் செர்ட்ராலின் மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டவளல்லள். "மெலிந்த பிறகும் உனக்கென்ன குறை?" என்று கேட்டோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மனநல மருத்துவர்தான் விளக்கினார். மாத்திரை கரைய அமிலமும் நேரமும் வேண்டும். உறிஞ்சப்படக் குடலின் பரப்பு வேண்டும். மூன்றுமே அவளுக்குக் குறுகிவிட்டன. மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளின் பாடு இன்னும் திண்டாட்டம். போதாக்குறைக்கு, பருமனால் சோம்பிக் கிடந்த ஈரல் நொதிகளுள் சில, உடல் மெலிகையில் விழித்துக்கொண்டு சில மருந்துகளை விரைந்து சிதைக்கக்கூடும். மது மட்டும் நேர்மாறு. முன்னைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுமாம். உடலுக்குத்தான் எத்தனை ஓரவஞ்சனை!

மருந்தின் அளவைக் கூட்டினார். ஐந்தாவது வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்து, சின்னத்தம்பி மகளின் கணக்கு மதிப்பெண் குறித்து முக்கால் மணி நேரம் கடிந்துகொண்டாள். நாங்கள் குறுக்கிடவில்லை.